ஸ்னைப்பருக்கு எந்தக் கவசம்?

இணைய விளையாட்டில் வில்லாளி, ஸ்னைப்பர் போன்று தூரத்தில் நின்று தாக்கும் பாத்திரங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் பாத்திரத்துக்குக் கவசம் வாங்கும்போது முதலில் எதைப் பார்ப்பீர்கள்? கிள்ளானில் மாலை நேரங்களில் நான் கூடுதல் கணிதம் சொல்லிக்கொடுக்கும் படிவம் 4, படிவம் 5 மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். எந்தக் கவசத்தில் தற்காப்பு எண் பெரிதாக இருக்கிறதோ அதைத்தான் வாங்குவோம் என்றார்கள். "வாங்கிட்டு, அப்கிரேட் பண்ணி ஏத்திக்கிட்டே போகணும் சார்" என்றான் ஒருவன்.

வாள் ஏந்தி முன்வரிசையில் நிற்கும் வீரனுக்கு இது ஓரளவு சரியான பதில். ஸ்னைப்பருக்கு அந்த எண் பெரும்பாலும் உதவாது. ஏன் என்பதை எனக்கு நன்கு தெரிந்த ஒரு விளையாட்டைக் கொண்டு சொல்கிறேன். அதில் வரும் கணக்கெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

அந்த விளையாட்டின் பெயர் ரக்னாரோக் ஆன்லைன். தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வெளியிட்டது. லீ மியுங்-ஜின் என்ற கொரியக் கலைஞர் வரைந்த சித்திரக்கதைதான் அதற்கு அடிப்படை. இன்று முப்பது வயதைத் தாண்டிய உங்கள் அண்ணன், அக்கா, மாமாவிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். நகர வீதிகளின் பின்னணி இசையை அப்படியே முணுமுணுப்பவர்களும் இருப்பார்கள். கைப்பேசி வடிவம் 2018-இல் நம் வட்டாரத்துக்கு வந்தபோது, வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பலர் மறுபடியும் மாணவர்களாகிவிட்டார்கள்.

நான் விளையாடியது 2006-இல். அப்போது பிரிக்பீல்ட்ஸில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நடந்தால் கல்லூரி. மாலையில் அதே வழியில் திரும்புவதற்கு முன், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்புறம் ஒரு கடையின் மாடியில் இருந்த 'சிசி'. சைபர் கஃபேயை அப்படித்தான் சொல்வோம். மணிக்கு 2 ரிங்கிட். லிட்டில் இந்தியா வளைவுகளும் வண்ண விளக்குகளும் வருவதற்கு முந்தைய பிரிக்பீல்ட்ஸ் அது. நாங்கள் ஆறு பேர். எங்களில் ஒருவன், காப்பார் பக்கத்திலிருந்து வந்தவன், ஸ்னைப்பர்.

அந்த விளையாட்டில் ஸ்னைப்பர் ஆவது சுலபமில்லை. பேயோன் நகரத்தில் வில்லாளியாகத் தொடங்க வேண்டும். பிறகு ஹன்ட்டர். 99-ஆம் நிலையை எட்டிய பிறகு வால்கிரி என்ற தேவதையிடம் போய் மறுபிறவி பெற வேண்டும். மறுபிறவி என்றால் உண்மையிலேயே முதல் நிலையிலிருந்துதான். மீண்டும் வில்லாளி, மீண்டும் பல மாத உழைப்பு, அதன் பிறகே ஸ்னைப்பர். எங்கள் ஆறு பேரில் அதை முடித்தவன் அவன் ஒருவன்தான். அதனால் அவன் என்ன அணிவது என்பது ஆறு பேரின் பிரச்சினையாகிவிட்டது.

இங்கே நான் சொல்லும் எண்கள் எல்லாம் அந்தக் காலத்து விதிகளின்படி. பின்னாளில் 'ரினிவல்' என்ற பெரிய மாற்றம் வந்து, பல சூத்திரங்களை மாற்றிவிட்டது.

கேடயத்துக்குக் கையில்லை

கந்த சஷ்டி கவசம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த விளையாட்டின் உடைப்பெட்டி உடனே புரியும். தலை, முகம், உடல், தோள், பாதம், கை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிக் காப்பு. தலைக்கு மட்டும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்கள். உடலுக்கு உடுப்பு, தோளுக்கு மேலங்கி, காலுக்குக் காலணி, இரண்டு அணிகலன்கள். வலக்கையில் ஆயுதம், இடக்கையில் கேடயம்.

ஸ்னைப்பரின் முதல் சிக்கல் இங்கேதான். வில் இரு கை ஆயுதம். வில்லைப் பிடித்தால் கேடயம் பிடிக்க முடியாது.

கேடயம் போனால் அதன் தற்காப்பு எண் மட்டும் போவதில்லை. இந்த விளையாட்டில் அரக்கர்களைக் கொல்லும்போது மிக அரிதாக ஓர் அட்டை விழும். அதை உடையில் உள்ள துளையில் செருகினால் சிறப்புச் சக்தி கிடைக்கும். எந்த அட்டையை எந்த உறுப்பில் செருகலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. மனிதப் பாத்திரங்கள் தரும் சேதத்தை 30% குறைக்கும் தாரா ஃபிராக் அட்டை கேடயத்தில் மட்டுமே போகும். தூரத்திலிருந்து வரும் தாக்குதலை 35% குறைக்கும் ஹார்ன் அட்டையும் கேடயத்துக்குரியதுதான். ஸ்னைப்பரைத் தடுக்க மிகச் சிறந்த அட்டை இருக்கிறது. அதை இன்னொரு ஸ்னைப்பர் வில்லேந்தி நிற்கும்போது பயன்படுத்த முடியாது. இரண்டு ஸ்னைப்பர்கள் நேருக்கு நேர் நின்றால் முதலில் எய்தவர் கை ஓங்கிவிடும்.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு விசையில் வில். இன்னொரு விசையில் குறுவாளும் கேடயமும். தாக்கும் நேரத்தில் வில். ஓடும் நேரத்தில் கேடயம். காப்பார் நண்பனின் இடக்கை விரல்கள் விசைப்பலகையின் மேல்வரிசையில் தபேலா வாசிப்பதுபோல் ஓடும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

தோளில் அணியும் மேலங்கியில் ரேட்ரிக் அட்டை போட்டால் இயல்பு வகைத் தாக்குதல் 20% குறையும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. கேடயத்தில் 30%, மேலங்கியில் 20%. மொத்தம் எவ்வளவு குறையும்? 50% என்றுதான் வாய் முந்தும். முதல் அட்டைக்குப் பிறகு மிஞ்சுவது 0.7. அதில் 0.8 பங்கு மிஞ்சினால் 0.56. ஆகக் குறைவது 44%. கடைகளில் '30% கழிவு, அதற்கு மேல் 20% கழிவு' என்று தீபாவளிக்கு எழுதி வைத்திருப்பார்களே, அதே கணக்கு.

129-க்கும் 130-க்கும் நடுவே

உடல் உடுப்புக்கு வருவோம். கனமான இரும்புக் கவசங்கள் வாள்வீரர்களுக்கு. வில்லாளி வழியில் வந்தவர்களுக்கென்றே 'டைட்ஸ்' என்ற இறுக்கமான உடுப்பு உண்டு. பார்க்க எளிமையானது. அதன் சிறப்பு, டெக்ஸ் என்ற திறனை 1 கூட்டும் என்பது மட்டுமே. தலையில் வைக்கும் 'ஆப்பிள் ஆஃப் ஆர்ச்சர்' டெக்ஸை 3 கூட்டும். தலையில் ஓர் ஆப்பிள், அதில் ஓர் அம்பு. வில்லியம் டெல் கதை தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

ஒரே ஒரு புள்ளிக்காகவா இந்த உடுப்பு என்று தோன்றும். இதற்கு விடை சூத்திரத்தில் இருக்கிறது. வில்லின் அடிப்படைத் தாக்கு வலிமை பெரும்பாலும் டெக்ஸைப் பொறுத்தது. டெக்ஸ் அளவு எவ்வளவோ அவ்வளவு. அதோடு, டெக்ஸைப் பத்தால் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, வந்த ஈவை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும்.

டெக்ஸ் 125 என்றால் ஈவு 12, அதன் வர்க்கம் 144. மொத்தம் 269. டைட்ஸ் அணிந்து 126 ஆனால் 270. ஒரு புள்ளிதான் லாபம். ஆனால் ஏற்கெனவே 129 இருப்பவருக்கு? 129-உடன் 144 சேர்ந்து 273. டைட்ஸ் அணிந்ததும் 130. ஈவு 13, வர்க்கம் 169. மொத்தம் 299. அதே உடுப்பு, அதே ஒரு புள்ளி, இவருக்கு 26 கூட்டித் தருகிறது.

ஆகவே "டைட்ஸ் நல்லதா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. உங்கள் டெக்ஸ் இப்போது எங்கே நிற்கிறது, கூட வரும் மதகுரு 'பிளெஸ்ஸிங்' போட்டு 10 கூட்டுவாரா, அணிகலனில் என்ன அட்டை இருக்கிறது என்று எல்லாம் கேட்ட பிறகே சொல்லலாம். 130-ஐத் தொட்ட பிறகு 131, 132 என்று ஏற்றுவதில் பெரிய பயன் இல்லை. அடுத்த 140-க்கு வழி இருந்தால் ஏறலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தை வேறொன்றுக்கு விட்டுக்கொடுப்பது நல்லது. காப்பார் நண்பன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதை அட்டவணையாக எழுதி வைத்திருந்தான். முன்பக்கங்களில் புள்ளியியல் விரிவுரைக் குறிப்புகள். கடைசிப் பக்கம்தான் சுத்தமாக இருக்கும்.

நெருப்பு, நீர், காற்று, மண்

கவசத்தில் உள்ள தற்காப்பு எண்ணை விளையாட்டில் டெஃப் என்பார்கள். பழைய விதியில் 1 டெஃப் என்றால் உடல்வழித் தாக்குதலில் 1% குறையும். கணக்கு எளிது. ஆனால் 'உடல்வழி' என்ற சொல்லைக் கவனியுங்கள். மந்திரவாதி வீசும் பனிப்புயலையோ மின்னலையோ இந்த எண் தடுக்காது. மங்க் என்ற துறவிப் பாத்திரத்தின் 'அசுரா ஸ்டிரைக்' என்ற ஒரே குத்து, டெஃப் எவ்வளவு இருந்தாலும் அதைத் தாண்டிப் போகும்.

மந்திரத்தைச் சமாளிக்க வேறு வகை அட்டைகள் உண்டு. உடல் உடுப்பில் பசானா அட்டையைச் செருகினால் அது நெருப்புக் கவசம். நெருப்புத் தாக்குதலில் கால்வாசிதான் நம்மைச் சேரும். ஆனால் நீர்த் தாக்குதல் ஒன்றரை மடங்காக வந்து விழும். சுவார்ட்ஃபிஷ் அட்டை நீர்க் கவசம் தரும். மின்னல் வந்தால் தொலைந்தோம். டொக்கேபி அட்டை காற்று, சாண்ட்மேன் அட்டை மண். ஒவ்வொன்றும் ஒரு வாசலை அடைக்கும்போது இன்னொரு வாசலைத் திறந்துவிடும்.

ஈவில் டுரூயிட் என்ற அட்டை இன்னும் விசித்திரம். உடுப்பைப் 'பிணத்தன்மை' உள்ளதாக மாற்றும். பனியில் உறைய மாட்டீர்கள், கல்லாகச் சபிக்கப்பட மாட்டீர்கள். ஆனால் நம் அணியின் மதகுரு போடும் 'ஹீல்' உங்களுக்கு உதவாது. எதிரியிடமிருந்து காத்துக்கொள்ள நண்பனின் உதவியை இழக்க வேண்டும். கர்ணனின் கவச குண்டலத்துக்குப் பிறகு கவசத்தை வைத்து இத்தனை சிக்கலை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று எங்களில் ஒருத்தி சொல்வாள். அவள்தான் எங்கள் மதகுரு.

உடல் உடுப்பில் துளை ஒன்றே ஒன்று. ஆகவே எல்லா அட்டையும் வேண்டும் என்று ஆசைப்பட வழியில்லை. எதைச் செருகுவது?

எங்களுக்குக் கோட்டைப் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. 'வார் ஆஃப் எம்பெரியம்' என்ற அந்தப் போரில் கில்டு எனப்படும் குழுக்கள் ஒன்றின் கோட்டையை மற்றொன்று தாக்கி, உள்ளே இருக்கும் எம்பெரியம் என்ற படிகத்தை உடைத்துக் கைப்பற்றும். கோட்டை வாசலில் மந்திரவாதிகள் வரிசையாக நின்று 'ஸ்டார்ம் கஸ்ட்' என்ற பனிப்புயலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது அடி விழும்போது உறைந்துவிடுவோம். உறைந்த பாத்திரத்தால் நகர முடியாது, எய்ய முடியாது. போதாக்குறைக்கு நீர்த்தன்மை உள்ளதாக மாறிவிடும். அடுத்து ஒரு மின்னல், அவ்வளவுதான்.

உறைவதைத் தடுப்பது மார்க் அட்டை. எஸ்பிஎம் மார்க் இல்லை. இது பையலான் தீவின் கடலடி நிலவறையில் மிதக்கும் கடல்குதிரை. அதை உடுப்பில் செருகினால் பனிப்புயல் வலிக்கும், ஆனால் உறைய வைக்காது. பிணத்தன்மை போன்ற பக்கவிளைவும் கிடையாது.

பத்தாயிரம் கடல்குதிரைகள்

மார்க் அட்டை விழும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. பத்தாயிரம் கடல்குதிரைகளைக் கொன்றால் ஓர் அட்டை நிச்சயம் என்று நினைத்தால் கூடுதல் கணிதத்தில் நிகழ்தகவு அதிகாரத்தை மறுபடி புரட்டுங்கள். ஒரு முறை கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.9999. பத்தாயிரம் முறையும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.9999-இன் பத்தாயிரமாவது அடுக்கு. கணிப்பொறியில் போட்டுப் பாருங்கள், 0.368 வரும். பத்தாயிரம் கொன்ற பிறகும் மூன்றில் ஒருவருக்கு மேல் வெறுங்கையோடு நிற்பார். மணிக்கு 200 கொல்ல முடியும் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்துக்கு 50 மணி நேரம். மணிக்கு 2 ரிங்கிட்டில் 100 ரிங்கிட்.

நாங்கள் ஆறு பேரும் முறை வைத்துக்கொண்டு வேட்டையாடினோம். ஐந்தாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதகுருவின் முறையில் விழுந்தது. மாடியே அதிரும்படி அவள் போட்ட சத்தத்தில் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

அட்டை காப்பார் நண்பனின் டைட்ஸில் ஏறியது. அந்த உடுப்பைப் பார்த்து இன்னொரு கல்லூரியின் மாணவர் ஒருவர் 150 ரிங்கிட் ரொக்கம் தருவதாகச் சொன்னார். விளையாட்டின் விதிப்படி அப்படி விற்கக்கூடாது என்றாலும் சிசிக்களில் அது சாதாரணமாக நடந்தது. நண்பனின் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் லாரி ஓட்டுநர். வேட்டையாடிய வாரங்களில் அவன் மதிய உணவை நிறுத்தி, எங்கள் ரொட்டி சானாயில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டதை எல்லாரும் பார்த்தோம், யாரும் சொல்லவில்லை. அவன் விற்கவில்லை. அவன் மனத்தில் வேறொன்று இருந்தது.

அந்த உடுப்பை ஏழு வரை ஏற்றிவிட வேண்டும் என்றான்.

ஏற்றுவது என்றால் எலூனியம் என்ற உலோகத்தைக் கொடுத்துக் கொல்லனிடம் வலுவூட்டுவது. புரோண்டெரா நகரத்தில் ஹோல்கிரென் என்ற கொல்லன் இருப்பான். உலகம் முழுவதும் ரக்னாரோக் விளையாடியவர்கள் ஒன்றுகூடி ஒருவனைத் திட்ட வேண்டுமென்றால் அவனைத்தான் திட்டுவார்கள். உடுப்பை நான்கு வரை ஆபத்தில்லாமல் ஏற்றலாம். ஐந்தாவதற்கு வெற்றி வாய்ப்பு 60%. ஆறாவதற்கு 40%. ஏழாவதற்கும் 40%. தோற்றால் உடுப்பு உடைந்து மறைந்துவிடும். உள்ளே இருக்கும் அட்டையும் சேர்ந்து போகும்.

போருக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தே தாரேக் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏழு போட்டுட்டா எவனும் என்னைத் தொட முடியாதுடா" என்றான் அவன்.

"ஒடைஞ்சா அட்டையும் போயிடும்லா" என்றேன்.

"நாலுலேர்ந்து மூணு படிதானே? அம்பது அம்பதுன்னு வச்சுக்கலாம்."

மதகுரு கடையின் கணக்குத் தாளைத் திருப்பி, பின்புறத்தில் எழுதினாள். 0.6 × 0.4 × 0.4. விடை 0.096. பத்தில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவு. எந்தப் படியிலும் தனியாகப் பார்த்தால் 40, 60 என்று தெரிகிற எண்கள், தொடர்ந்து வெல்ல வேண்டும் என்றதும் 9.6% ஆகிவிடுகின்றன. அவன் தாளை வாங்கிப் பார்த்தான். எலூனியம் மூன்று அவனிடம் இருந்தது. மூன்றும் அதற்கென்றே சேர்த்தவை.

நான் வேறொரு கணக்கு எழுதினேன். மார்க் அட்டை போடாத வெறும் டைட்ஸை ஏழு வரை ஏற்றி, வெற்றி பெற்ற பிறகு அட்டையைச் செருகினால் அட்டைக்கு ஆபத்தில்லை. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதற்கு எத்தனை டைட்ஸ் வேண்டும்? சராசரியாக 1-ஐ 0.096-ஆல் வகுத்தால் பத்துக்கு மேல். எத்தனை எலூனியம்? ஒவ்வோர் உடுப்பையும் நான்குவரை ஏற்ற 4. ஐந்துக்கு முயல 1. அது வென்றால்தான் ஆறுக்கு முயல்வோம், ஆகவே சராசரியில் 0.6. அதுவும் வென்றால்தான் ஏழு, ஆகவே 0.24. மொத்தம் 5.84. அதை 0.096-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 61. ஓர் எலூனியம் செய்ய ஐந்து மூலக் கற்கள் வேண்டும். அப்படியென்றால் முந்நூறுக்கு மேல் கற்கள். முயற்சி ஒன்றுக்கு 2,000 ஸெனி கொல்லனுக்குக் கூலி வேறு.

இவ்வளவுக்கும் கிடைப்பது என்ன? வலுவூட்டும் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு டெஃப். நான்கிலிருந்து ஏழுக்கு மூன்று படி. ஆக 2 டெஃப். உடல்வழித் தாக்குதலில் 2% குறைவு.

அவன் இதையும் ஏற்கவில்லை. "ரெண்டு பர்சென்ட்னாலும் ரெண்டு பர்சென்ட்தானே" என்றான். அதில் நியாயம் இருந்தது. கோட்டைப் போரில் ஒரு நொடி கூடுதலாக உயிரோடு இருந்தால் இன்னோர் அம்பு எய்யலாம். அதோடு, பெயருக்கு முன்னால் +7 என்று இருக்கும் உடுப்பை அணிந்து நகரச் சதுக்கத்தில் நிற்பதில் ஒரு கௌரவம் உண்டு. மதிய உணவை விட்டுச் சேர்த்தவனுக்கு அந்தக் கௌரவத்தில் பங்கில்லை என்று யார் சொல்வது?

மதகுரு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "போன வாரம் எதுல செத்தே?"

அவன் விரல் விட்டு எண்ணினான். அன்று பதினொரு முறை செத்திருந்தான். ஏழு முறை பனியில் உறைந்து, மந்திரத்தில். இரண்டு முறை அசுரா ஸ்டிரைக். ஒரு முறை எதிரணி ஸ்னைப்பரின் அம்பு. ஒரு முறை வாள்வீரனின் அடி.

டெஃப் என்ற எண்ணுக்கு வேலை இருந்தது கடைசி இரண்டில் மட்டும். பதினொன்றில் இரண்டு, அந்த இரண்டிலும் 2%. முதல் ஏழுக்கு மருந்து ஏற்கெனவே அவன் உடுப்பில் இருந்தது. அந்த மருந்தைத்தான் அவன் ஹோல்கிரெனின் பட்டறையில் பணயம் வைக்கப் பார்த்தான்.

நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்று எலூனியத்தையும் காலணிக்கும் மேலங்கிக்கும் போட்டுவிடலாம் என்றான். இரண்டும் நான்குக்குக் கீழே இருந்தன. உடையாது.

உங்களில் பலர் இன்று விளையாடுவது வேறு விளையாட்டுகள். ஆனால் ஹோல்கிரென் எங்கும் போய்விடவில்லை. பெயர் மாற்றிக்கொண்டு உங்கள் கைப்பேசியில்தான் இருக்கிறான். தொடக்கத்தில் சொன்னேனே, அப்கிரேட் பண்ணி ஏற்ற வேண்டும் என்ற மாணவன், அவனிடம் தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம் 120 ரிங்கிட் இருந்தது. தன் பாத்திரத்தின் கவசத்தை ஏற்றுவதற்கு முழுவதையும் போடவிருந்தான். வெற்றி வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்றேன். தெரியாது என்றான். திரையின் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ஒரு குறி இருந்தது. அதைத் தொட்டால் அட்டவணை விரிந்தது. எட்டு மாதமாக விளையாடுகிறான், அதைத் திறந்ததே இல்லை. வகுப்பு முடியும்வரை அவனும் பக்கத்து மேசை மாணவியும் சேர்ந்து பெருக்கிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு பணம் போட்டான் என்று நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவன் கேட்ட கேள்வி, தோற்றால் ஒரு படி மட்டும் இறங்கும் விளையாட்டில் சராசரியை எப்படிக் கணக்கிடுவது என்பது. அது எஸ்பிஎம்-ஐத் தாண்டிய கணக்கு. இரண்டு வகுப்புகள் பிடித்தன.

மீண்டும் 2006. போர் நடந்த ஞாயிறு இரவு, ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். கடைசிக் கொமுட்டரை விட்டுவிடக்கூடாது என்று கடிகாரத்தில் ஒரு கண். கோட்டை வாசலில் பனிப்புயல் கொட்டியது. நானும் இன்னும் இருவரும் உள்ளே நுழைந்த கையோடு நீலப் பனிக்கட்டியாகி நின்றோம். எங்களைச் சுற்றி மற்ற கில்டுகளின் ஆட்களும் அப்படியே, சந்தையில் வரிசையாக வைத்த ஐஸ்கட்டிகள் மாதிரி. அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தான். புயலின் ஓரத்தில் நின்று, எதிரணியின் மந்திரவாதியைத் தேடிப்பிடித்து எய்தான். ஒரு மந்திரவாதி விழுந்தார். புயல் ஒரு பக்கம் மெலிந்தது. இன்னொருவர் விழுந்தார். மதகுரு உள்ளே ஓடிவந்து அவனுக்கு 'ஹீல்' போட்டாள். பிண அட்டை அணிந்திருந்தால் அது அவனுக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாவது மந்திரவாதியைக் குறிவைத்தபோது சுவரோரமாக ஒரு மங்க் வந்து நின்றார். ஒரே குத்து. காப்பார் நண்பன் தரையில் கிடந்தான்.

அன்று கோட்டை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ரயிலில் திரும்பும்போது அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். உறைந்து செத்தது: பூஜ்யம். அசுரா: நான்கு. பட்டியல் தலைகீழாகியிருந்தது. அசுராவுக்கு டெஃப் உதவாது, உயிர்ப்புள்ளி கூடுதலாக இருந்தால்தான் ஒரு குத்தைத் தாங்கி ஓட முடியும். அதற்கும் அட்டைகள் உண்டு. பூப்பா அட்டை உயிர்ப்புள்ளியில் 700 கூட்டும். பெக்கோ பெக்கோ அட்டை மொத்தத்தில் 10% கூட்டும். இரண்டும் உடல் உடுப்புக்குரியவை. மார்க் இருக்கும் துளையில் அவற்றுக்கு இடமில்லை. இன்னொரு டைட்ஸ் வேண்டும், இன்னொரு விசை வேண்டும். வாசலைத் தாண்டும்வரை மார்க், உள்ளே போனதும் மற்றது.

"பூப்பாவா, பெக்கோவா?" என்றான். சுபாங் ஜெயாவைத் தாண்டியிருந்தோம்.

700-க்கும் 10%-க்கும் சமமாவது 7,000-இல். அவனுடைய உயிர்ப்புள்ளி அப்போது 6,400. பூப்பா என்றேன். அவன் எழுதிக்கொண்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 7,000 வந்ததும் பெக்கோ என்று குறித்தான். கிள்ளான் நிலையம் வருவதற்குள், அதற்கு இன்னும் எத்தனை நிலை ஏற வேண்டும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டான்.